ஐடிஐ எலக்ட்ரீஷியன், 4 ஆண்டு அனுபவம், உயராத சம்பளம்

சம்பளம் உயர அஞ்சல்வழிப் பட்டம் படிக்கலாமா என்று யோசித்தால், அதற்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். அம்பத்தூரில் ஒப்பந்ததாரர் வழியாக 4 ஆண்டுகள் வேலை பார்த்தும் சம்பளம் உயராத ஐடிஐ எலக்ட்ரீஷியனுக்கு, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழே முதலில் தேவை.

சம்பளம் உயராததற்கு, உங்கள் அனுபவம் எழுத்தில் பதிவாகாததே காரணமாக இருக்கக்கூடும். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் உங்களைப் புது ஆளாகவே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

வேலை பார்த்த காலம் பதிவாகியிருக்கிறதா என்று அறிய, யுஏஎன் எண்ணைக் (பிஎஃப் கணக்குக்கான உங்கள் பொது எண்) கொண்டு பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து மாதந்தோறும் பணம் ஏறியிருக்கிறதா என்றும், பிஎஃப் தளத்தின் பணி விவரப் பக்கத்தில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாக உள்ளனவா என்றும் பாருங்கள். என் தம்பியின் பாஸ்புக்கில் 7 மாதங்கள் வெறுமையாக இருந்தன. சம்பளச் சீட்டில் மட்டும் பிடித்தம் தவறவில்லை!

சான்றிதழ் வந்ததும் இதே பட்டறையில் சம்பளம் கூடிவிடாது. ஹெச்.டி. (உயர் மின்னழுத்த) பேனலும் ஜெனரேட்டரும் உள்ள மருத்துவமனை, ஐ.டி. வளாகப் பராமரிப்பு வேலைகளுக்கு நேரடி ஊழியராக விண்ணப்பியுங்கள். முன்பணம் கேட்கும் ஏஜெண்டிடம் போகாதீர்கள்.