ஒரே மாத்திரை அம்மாவுக்குக் கேட்கிறது, சித்திக்குக் கேட்பதில்லை. ஏன்?

கேள்வி: மருந்து உடலுக்குள் போய் என்ன ஆகிறது என்று ஆராய்பவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள்? ஒரே மாத்திரை என் அம்மாவுக்குக் கேட்கிறது, சித்திக்குக் கேட்பதில்லை. இதற்கு அவர்களிடம் பதில் உண்டா?

பதில்: எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி மாவட்டத்தில் காரிமங்கலம் பக்கம். வேலை பெங்களூரில், இதே துறையில். ஊருக்கு வந்தால் "புது மருந்து ஏதாவது கண்டுபிடித்தாயா?" என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். யாரோ கண்டுபிடித்த மருந்தைக் கல்லீரல் என்னவாக மாற்றுகிறது, எவ்வளவு நேரத்தில் மாற்றுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. இதைச் சொன்னால் அவர்கள் முகம் சற்று வாடிவிடும்.

தானமாகக் கிடைத்து, மாற்று அறுவை சிகிச்சைக்குப் பயன்படாமல் போன மனிதக் கல்லீரல்களிலிருந்து பிரித்த மைக்ரோசோம் துகள்கள் (மருந்தை மாற்றும் நொதிகள், அதாவது என்சைம்கள், அடங்கிய செல் துணுக்குகள்) எங்களுக்கு உறைந்த நிலையில் வரும். மைனஸ் 80 டிகிரியில் பாதுகாப்போம். அவற்றோடு மருந்தைக் கலந்து 37 டிகிரி வெப்பத்தில் வைத்து, 5, 15, 30 நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, குளிர்ந்த அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றி வினையை நிறுத்துவோம். மருந்து எவ்வளவு மிச்சம், புதிதாக என்ன உண்டாகியிருக்கிறது என்பதை, மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி சொல்லும். நாள் முழுவதும் இதுதான். சலிப்பு தட்டும்.

ஆனால் அந்தப் புதிதாக உண்டாவதில்தான் சுவாரஸ்யமே. வலி மருந்தான கோடீன், கல்லீரலில் மார்ஃபினாக மாறிய பிறகுதான் பெரும்பாலும் வலியைக் குறைக்கிறது. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து வேறு சில மருந்துகளோடு சேர்ந்தபோது இதயத் துடிப்பைக் குலைத்ததால் 1990களின் இறுதியில் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. உடல் அதை மாற்றி உண்டாக்கும் ஃபெக்ஸோஃபெனடினுக்கு அந்த ஆபத்து இல்லை. இன்று தர்மபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில்கூட அது தனி மாத்திரையாகக் கிடைக்கும்.

இனி உங்கள் சித்தி. இதற்கான நல்ல உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஐசோநியாசிட் என்ற காசநோய் மருந்தைச் சிலர் வேகமாகவும் சிலர் மெதுவாகவும் செயலிழக்கச் செய்வதை விரிவாக ஆராய்ந்தது. வேகமானவர்கள் உடலில் மருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும்; மெதுவானவர்களுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். எல்லாம் பிறவியிலேயே வரும் ஒரு நொதியின் வேறுபாடு. தென்னிந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவானவர்கள். வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது வேகமானவர்களுக்குப் பலன் குறைந்தது. மெதுவானவர்களுக்கோ கைகால் மரத்துப்போகும் தொல்லை அதிகம். அதைத் தடுக்கத்தான் காசநோய் மாத்திரையோடு வைட்டமின் பி6 தருகிறார்கள். எங்கள் ஊரில் இதையெல்லாம் டாக்டரின் கைராசிக் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

பிறவி மட்டுமல்ல, பழக்கமும் நொதியை மாற்றும். இழுப்புக்குத் தரும் தியோஃபிலினைப் புகைபிடிப்பவரின் கல்லீரல் வேகமாக அழிக்கும். பீடியைத் திடீரென விட்டவருக்கு அதே பழைய அளவு அதிகமாகி, குமட்டலும் படபடப்பும் வரலாம். பீடியை விட்டதால்தான் உடம்பு கெட்டது என்று அவர் மறுபடி பற்றவைக்காமல் இருக்க வேண்டும்! காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளைப் பெருக்கிவிடும். அதனால் கருத்தடை மாத்திரை வலுவிழக்கும். இதை யாரும் வாய்திறந்து சொல்லாததால் வீட்டில் குழப்பம் வந்த கதைகள் எனக்குத் தெரியும்.

நம் பக்கத்தவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது: "கல்லீரல் எல்லாவற்றையும் மாற்றுமென்றால், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடை ஏன் விட்டுவைக்கிறது?" மருந்து ஒரு பெரிய மூலக்கூறு, அதை நீரில் கரையும்படி மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்பலாம். ஃப்ளோரைடு ஒற்றை அயனி, மாற்ற அதில் ஒன்றுமில்லை. சிறுநீரில் போகாத பங்கு எலும்பிலும் பல்லிலும் படிந்துவிடும். கொதிக்க வைத்தாலும் குறையாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அதனால்தான் 2013-இல் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்து, தண்ணீரையே மாற்ற வேண்டியிருந்தது.

உங்கள் சித்தி எடுப்பது எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கத் தரும் குளோபிடோக்ரெல் என்றால், அதைச் செயல்பட வைக்கும் நொதி அவருக்குக் குறைவாக இருக்கலாம். நம் நாட்டில் அது அரிதல்ல. மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் இதய மருத்துவரிடம் கேளுங்கள், மாற்று மருந்துகள் உண்டு. தைராய்டு மாத்திரை என்றால், காலையில் காபியோடு சேர்த்து விழுங்குகிறாரா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் மருந்து குடலிலேயே சரியாக உறிஞ்சப்படாமல் போகும். கல்லீரல்மேல் பழி போட வேண்டியதில்லை.