குற்றவியல் படித்த மகளுக்கு எஸ்.ஐ. தேர்வு ஒன்றுதான் வழியா?

அன்புள்ள ஐயா,

மகள் பி.ஏ. குற்றவியல் முடித்திருக்கிறாள், எஸ்.ஐ. தேர்வில் தேறாவிட்டால் மூன்று வருடப் படிப்பும் வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். எஸ்.ஐ. தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். வணிகவியல் படித்தவரும் இயற்பியல் படித்தவரும் அவளோடு ஒரே வரிசையில் நிற்பார்கள். விருப்பம் இருந்தால் எழுதட்டும். ஆனால் அவள் படித்த படிப்பைத் தேடுகிற இடங்கள் வேறு.

நன்னடத்தை அலுவலர் பணியைப் பாருங்கள். பதினாறு வயதுப் பையன் ஒருவன் திருட்டு வழக்கில் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்கிறான் என்று வையுங்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, இரண்டு வாரத்துக்குள் அவனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கை குழுமத்துக்குப் போக வேண்டும். அலுவலர் அவன் வீட்டுக்குப் போகிறார், தாயிடம் பேசுகிறார். பள்ளியை ஏன் நிறுத்தினான், யாரோடு சுற்றினான், வீட்டில் சம்பாதிப்பவர் யார் என்று விசாரித்து எழுதுகிறார். அவனை வீட்டுக்கு அனுப்புவதா, சிறார் இல்லத்தில் வைப்பதா என்று முடிவெடுக்கும்போது குழுமம் அந்த அறிக்கையையும் பார்க்கிறது. ஒரு பிள்ளையின் வாழ்க்கை அதில் அடங்கியிருக்கிறது. அதை எழுத, இந்தப் பாடத்தைப் படித்த கைகள் வேண்டும்.

இத்தகைய அரசுப் பணிகளுக்குப் பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உண்டு. முதுநிலை முடித்தால், கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வையும் குற்றவியல் பாடத்திலேயே எழுதலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் வேலை உண்டு; ஆனால் அவை பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தப் பணிகள். இதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

தடய அறிவியலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே ஆள் தேவை கூடும். ஆனால் வேதியியலோ உயிரியலோ படிக்காதவருக்கு ஆய்வகக் கதவு எளிதில் திறக்காது. "பரவாயில்லை, சேருங்கள்" என்று எந்தக் கல்லூரி சொன்னாலும், ஆய்வகப் பணிக்கான அறிவிக்கையில் கல்வித்தகுதிப் பத்தியைப் படிக்காமல் கட்டணம் கட்டாதீர்கள்.

மூன்றாண்டுச் சட்டப்படிப்பும் நல்ல வழிதான், குறிப்பாக மேடையில் பேசத் தயங்காத பிள்ளைக்கு. அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். முதலில் உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரைச் சந்தித்து, சில வாரம் பயிற்சிக்கு வரலாமா என்று அவளே கேட்கட்டும். சட்டமா, முதுநிலையா என்பதை அந்த வேலையைப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம்.