உலக்கை ஒலியில் விடிந்த ஊர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஏழு ஆண்டுகளாக ஜப்பானில், கோபே நகரில் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவின் மீன்கடை, கோயில் திருவிழா, எதிர்வீட்டு முதியவர் வளர்க்கும் செடிகள் என்று கண்ணில் படுபவற்றைத் தமிழில் குறிப்புகளாக எழுதி வருகிறேன். மூன்றை இணைத்திருக்கிறேன். அவற்றைப் படித்த ஊர்க்கார அண்ணன் ஒருவர், "பிழைக்கப் போன ஊரைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? பிறந்த ஊரை எழுது" என்றார். அதற்குப் பிறகுதான் நீங்கள் முன்பு குறிப்பிட்ட, ஜப்பானில் குடியேறி அந்நாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய லஃப்காடியோ ஹெர்னைத் தேடிப் படித்தேன். அவருக்கும் ஜப்பானிய மொழி சரியாக வராது, அவர் எழுதியது தன் கனவில் கண்ட ஜப்பானைத்தான் என்கிறார்கள். அப்படியானால், குடியேறியவன் எழுதும் ஊருக்கு என்ன மதிப்பு?

க., கோபே

அன்புள்ள க.,

உங்கள் அண்ணன் கேட்டதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஒரு தெருவில் ஏழு ஆண்டுகள் குடியிருப்பதும், அதே தெருவில் பிறந்து அதன் சண்டைகளுக்கும் சாவுகளுக்கும் நடுவே வளர்வதும் ஒன்றல்ல. ஆனால் பிறந்த ஊரை எழுது என்று ஹெர்னிடம் சொல்லியிருந்தால் அவர் எந்த ஊரை எழுதியிருப்பார்? கிரேக்கத் தாய்க்கும், பிரிட்டிஷ் படையில் மருத்துவராக இருந்த அயர்லாந்துத் தந்தைக்கும் 1850இல் லெஃப்கடா தீவில் பிறந்தவர் அவர். இரண்டு வயதில் டப்ளினுக்குக் கொண்டுபோகப்பட்டார். அவருக்கு நான்கு வயதாக இருக்கும்போது கிரேக்கத்துக்குத் திரும்பிய தாயை அவர் பிறகு பார்க்கவே இல்லை. 16 வயதில் பள்ளி விளையாட்டில் இடக்கண் போயிற்று. 19 வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். சின்சினாட்டியில் ஆற்றுத்துறைக் கறுப்பினத் தொழிலாளர்களின் வாழ்க்கையையும், நியூ ஆர்லியன்ஸில் பத்தாண்டுகள் தங்கிக் கிரியோல் மக்களின் பழமொழிகளையும் சமையலையும் எழுதி வைத்தார். 1890 ஏப்ரலில் யோகோஹாமாவில் இறங்கியபோது, அயலூரில் காது கொடுத்து நிற்பது அவருக்கு இருபது ஆண்டுப் பழக்கமாகியிருந்தது.

அந்த ஆகஸ்ட் இறுதியில் ஆங்கில ஆசிரியராக மாட்சுவே நகருக்குப் போனார். அங்கே அவர் இருந்தது பதினைந்து மாதங்கள்கூட நிறையவில்லை. அவ்வூரின் ஒரு காலைப்பொழுதை, 1894இல் வெளிவந்த தன் முதல் ஜப்பான் நூலில் எழுதியிருக்கிறார். நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பக்கங்கள் அவை. காட்சி எதுவும் முதலில் வருவதில்லை. உறங்குகிறவனின் காதுக்கடியில் பெரிய நாடி ஒன்று மெல்லத் துடிப்பதுபோல ஓர் ஓசை கேட்கிறது. அரிசி தீட்டுகிறவர் காலால் மிதித்து இயக்கும் உலக்கை விழும் ஓசை அது. அடுத்துக் கோயில் மணி. அடுத்து முள்ளங்கி விற்பவர்களின் கூவல், கரியடுப்பு மூட்டச் சிராய் விற்கும் பெண்களின் ஏக்கமான குரல். அதன்பின் ஆற்றங்கரையில் முகம் கழுவியவர்கள் சூரியனை நோக்கி நான்கு முறை கைதட்டிக் கும்பிடும் ஒலி. பிறகு பாலத்தின்மேல் மரச்செருப்புகள். உலக்கைச் சத்தம் நின்றுபோன வீடுகளில் வளர்ந்த நமக்கு இந்த வரிசையின் அருமை தெரியும். நம் பாட்டிமார் வீட்டில் அந்தச் சத்தம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அது எப்போதும் இருந்ததால்.

அவர் கண்டது கனவு என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். டோக்கியோப் பேராசிரியர் பேசில் ஹால் சேம்பர்லின், ஹெர்னுக்கு ஆசிரியப் பணி கிடைக்க உதவியவர், பல ஆண்டுகள் நண்பராக இருந்தவர். ஹெர்ன் இறந்த பிறகு அவரே எழுதினார்: ஹெர்ன் தனித்தனி விவரங்களைத் துல்லியமாகக் கண்டார், முழுமையை அறியும் ஆற்றல் அவருக்கில்லை, ஒரு கண் குருடு, மறு கண்ணில் கடும் கிட்டப்பார்வை என்பதால், அறைக்குள் வந்தால் சுவரையும் புத்தக முதுகுகளையும் மிக அருகில் போய்ப் பார்த்து ஒரு பட்டியல் போட்டுவிடுவார், ஆனால் அடிவானத்தையும் விண்மீன்களையும் அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. கடுமையான சொற்கள்தான். ஆனால் ஹெர்ன் எழுதியவற்றில் இன்றைக்குச் செல்லுபடியாவது எது என்று பார்த்தால் அந்தப் பட்டியல்தான் நிற்கிறது. அவர் அடிவானத்தைப் பார்க்க முயன்ற இடங்கள், அதாவது ஹெர்பர்ட் ஸ்பென்சரின் தத்துவத்தைத் துணைக்கொண்டு ஜப்பானிய ஆன்மா, மரபுவழி நினைவு என்றெல்லாம் விளக்கப் புகுந்த பக்கங்கள், இன்று படிக்க முடியாதபடி பழையவையாகிவிட்டன. சேம்பர்லின் குறையாகச் சொன்னதை நான் அவருடைய வலிமையாகவே கருதுகிறேன்.

மொழி தெரியாதவர் எப்படி இவ்வளவு கேட்டார் என்பதற்கு விடை அவர் மனைவி செட்சு. வறுமைப்பட்ட சாமுராய்க் குடும்பத்துப் பெண். சிறுவயதிலேயே படிப்பை விட்டு நெசவுக்குப் போனவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஹெர்னுக்கு ஜப்பானிய நூல்களைப் படிக்கத் தெரியாது. வினைத்திரிபும் வேற்றுமை உருபும் இல்லாத ஒரு ஜப்பானிய மொழியை இருவரும் தமக்கென்று உண்டாக்கிக்கொண்டார்கள். செட்சு பழைய புத்தகக்கடைகளில் கதைகளைத் தேடிப் படித்து வந்து, இரவில் விளக்கைத் தணித்துவிட்டுச் சொல்வார். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது, உன் சொல்லில், உன் எண்ணத்தில் சொல் என்பார் ஹெர்ன். ஒரு கதையில், பேய் அருவிக்குப் போய்வந்த தாயின் முதுகில் குழந்தையின் துணி நனைந்திருப்பதைக் கண்டு ஒரு கிழவி "ஐயோ, ரத்தம்" என்று அலறும் இடத்தை அவர் பலமுறை திரும்பச் சொல்லச் செய்ததையும், அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும், செருப்புச் சத்தம் உனக்கு எப்படிக் கேட்கிறது, அந்த இரவு எப்படிப்பட்டது என்று கேட்டுக்கொண்டே இருந்ததையும், செட்சு 1914இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் பதிந்திருக்கிறார். 1896இல், நீங்கள் இருக்கும் கோபேயில் வாழ்ந்தபோதுதான், ஹெர்ன் மனைவியின் குடும்பத்துக்குள் தத்தாகச் சேர்ந்து ஜப்பானியக் குடிமகனாகி கொய்சுமி யாகுமோ ஆனார். அவர் செட்சுவின் குடும்பப் பெயரை ஏற்றார். செட்சுவின் பெயர் அந்த நூல்களின் அட்டையில் ஏறவில்லை. எனக்கு இது ஆறாத குறை.

செட்சு போன்ற ஒருவர் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கும் ஹெர்னே சான்று. 1854 சுனாமியில் ஹிரோ என்ற கடலோரக் கிராமத்தைக் காத்த ஹமாகுச்சி கோர்யோவைப் பற்றி, 1897இல் வெளிவந்த தன் நூலில் ஒரு கதை எழுதினார். அதில் குன்றின்மேல் வாழும் முதியவர், கடல் பின்வாங்குவதைக் கண்டு, அறுத்து வைத்த நெற்கட்டுகளுக்குத் தீ வைத்து மக்களை மேலே வரவழைக்கிறார். உண்மையில் கோர்யோ அப்போது முப்பதுகளில் இருந்தவர். அலை தாக்கியபின் இருட்டில் தவித்தவர்களுக்கு வழி காட்டவே வைக்கோல் போர்களைக் கொளுத்தினார். பிறகு நான்கு ஆண்டுகள் ஊர்மக்களுக்குக் கூலி கொடுத்துச் சுமார் 600 மீட்டர் நீளத்துக்குக் கடற்கரையில் ஓர் அணை கட்டினார். 1946 சுனாமியில் அது ஊரைக் காத்தது. ஹெர்னின் கதையில் அந்த அணை இல்லை. ஆயினும் அப்பகுதி ஆசிரியர் ஒருவர் அக்கதையைச் சுருக்கி ஜப்பானிய மொழியில் எழுத, அது 1937 முதல் பத்தாண்டுகள் அந்நாட்டுப் பள்ளிப் பாடமாக இருந்தது. குடியேறியவர் எழுதியதை அந்த மண் ஏற்றுக்கொண்டது என்று மகிழலாம். நான் மகிழ்கிறேன். கூலி வாங்கி மண் சுமந்த அந்த நான்கு ஆண்டுகளை ஹெர்னுக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆற்றாமையும் கூடவே எழுகிறது.

உங்கள் மூன்று குறிப்புகளையும் படித்தேன். "ஜப்பானியர்கள் இயல்பிலேயே அளந்து பேசுபவர்கள்" என்ற வரி இரண்டு இடங்களில் வருகிறது, இரண்டையும் எடுத்துவிடுங்கள். மீன்கடைக்காரர் மீனைச் சுற்றிக் கொடுக்கும்போது அது வந்த துறைமுகத்தின் பெயரைச் சொல்கிறார் என்ற வரியைத் தொடாதீர்கள். எதிர்வீட்டு முதியவரின் கொடியை "நீலப்பூக் கொடி" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார், விதையை யார் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கோபேயிலேயே பிறந்து வளர்ந்தவர் என்கிறீர்கள். அப்படியானால் 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தை அவர் அனுபவித்திருக்கக்கூடும். உங்கள் குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீங்களாகக் கேட்க வேண்டாம். அவர் சொல்லும் நாள் வந்தால் முழுவதும் கேளுங்கள். எழுதியபின் உங்களால் இயன்ற ஜப்பானிய மொழியில் அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் ஒப்புக்கொண்டால், சொன்னவர் இன்னார் என்று உங்கள் பெயருக்கு மேலே எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.