சொல்விளம்பியும் கட்டிங்கும்

கேள்வி: ஆட்டோ ஸ்டாண்ட் பக்கம் போனால் கஸ்மாலம், பேமானி. டீக்கடையில் நின்றால் குவார்ட்டர், கட்டிங். ஷை ஆசாமிகளால் தமிழ் சீரழிவதைப் பத்திரிகைகள் ஏன் கண்டிப்பதில்லை?
(ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர், கும்பகோணம்)

பதில்: கண்டிக்கலாம்தான், யாரிடமிருந்து ஆரம்பிப்பது? ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துப் புழங்குவதைக் குழூஉக்குறி என்று சொல்லி, இடக்கரடக்கலுக்கும் மங்கலத்துக்கும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறது நன்னூல். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே, பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பார்கள். எனக்குப் பிடித்தது வேடர்கள் கள்ளுக்கு வைத்த பெயர்: சொல்விளம்பி. உள்ளே போனதும் மனசில் இருப்பதையெல்லாம் வெளியே கொட்ட வைக்கிற சரக்குக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைப்பார்கள்? அந்த வேடன் இலக்கண உரையில் ஏறிவிட்டான், 90 மில்லிக்குக் கட்டிங் என்று பெயர் வைத்தவன் மட்டும் தமிழைக் கெடுத்தவனா?

கஸ்மாலம் இன்னும் பெரிய இடம். கீதை 2ஆம் அத்தியாயம், 2ஆம் சுலோகம், இந்த நேரத்தில் உனக்கு இந்தக் கச்மலம் எங்கிருந்து வந்தது என்று அர்ஜுனனைக் கேட்பது சாட்சாத் கண்ணன். அங்கே மனக்கலக்கம், சென்னையில் வசவு, அவ்வளவுதான் வித்தியாசம். பேமானி உருதுவிலிருந்து வந்தது, நாணயமில்லாதவன் என்று அர்த்தம்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. நோயாளி எதிரில் டாக்டர்கள் புற்றுநோயை 'சி.ஏ.' என்று தங்களுக்குள் பேசிக்கொள்வதும் அதே துண்டுதான், கொஞ்சம் வெள்ளைத் துண்டு. எங்கள் ஆபீஸ் மட்டும் யோக்கியமா? அட்டை எங்களுக்கு ராப்பர், கட்டுரை மேட்டர்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் உள்ள அந்த 'ஷை'. பத்திர ஆபீஸ் வாசலைத் தாண்டினால் அதற்கு 'மேற்படி' என்று அர்த்தம் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? செக்குபந்தி, சர்வ சுதந்திர பாத்தியம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததில் பாதி விளங்காமலே ஊரில் பலபேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஆட்டோக்காரர் திட்டினால், திட்டுகிறார் என்பதாவது புரிகிறது ஐயா.