ரிசஸிடேட், ரிவைவ், ரிசரக்ட்: மூன்றும் ‘உயிர்ப்பித்தல்’ தானா?

ரிசஸிடேட் (resuscitate), ரிவைவ் (revive), ரிசரக்ட் (resurrect) என்ற மூன்று ஆங்கிலச் சொல்லுக்கும் அகராதியில் ‘உயிர்ப்பித்தல்’, ‘புத்துயிர் அளித்தல்’ என்றுதான் இருக்கிறது, எதை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆங்கில ஆசிரியை இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் 19 வருடம் நர்ஸாக இருந்தவள். இந்த வித்தியாசத்தை நான் யோசிக்க ஆரம்பித்ததே ஒரு டெத் சம்மரியால்தான், அதாவது நோயாளி இறந்தபின் ஆஸ்பத்திரி எழுதித் தரும் சுருக்கத் தாள்.

அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பையன், காரியமெல்லாம் முடிந்தபிறகு அந்தத் தாளோடு வார்டுக்கு வந்தான். கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினான். “டிஸ்பைட் ஆல் ரிசஸிடேட்டிவ் மெஷர்ஸ், பேஷன்ட் குட் நாட் பி ரிவைவ்ட்.” நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக எழுதும் வரிதான் அது. “சிஸ்டர், டிக்‌ஷனரியில ரெண்டுக்கும் ஒரே அர்த்தம் போட்டிருக்கு. உயிர் கொடுத்தோம்னு எழுதிட்டு, அடுத்த வார்த்தையிலயே கொடுக்க முடியலைன்னு எழுதியிருக்கே?” என்றான். சண்டைக்கு வரவில்லை. புரியாமல்தான் கேட்டான்.

அந்த வரியில் ரிசஸிடேட் என்பது கை செய்கிற வேலை. ரிவைவ் என்பது அந்த வேலையின் பலன். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குகிறோம். தொண்டையில் குழாய் இல்லாவிட்டால் 30 அமுக்கலுக்கு 2 மூச்சு. இப்படி அமுக்கி மூச்சு கொடுப்பதற்குப் பெயர் சிபிஆர் (CPR), அதன் கடைசி எழுத்தே ரிசஸிடேஷன்தான். ஆள் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் செய்தது ரிசஸிடேஷன். அதனால்தான் பிழைத்துவிட்டால் ‘சக்சஸ்ஃபுல்லி’ என்று ஒரு வார்த்தையைத் தனியாகச் சேர்க்கிறோம். பத்திரிகை ஆங்கிலத்தில் சில நேரம் பலனையும் உள்ளே வைத்தே ரிசஸிடேட் என்று எழுதுவார்கள், அதுவும் தப்பில்லை. ஆனால் கேஸ் ஷீட்டில் படித்தால் முயற்சி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேரைப் பார்த்தாலும் இது பொருந்துகிறது. ரிசஸிடேட்டுக்குள் இருப்பது ‘சிட்டாரே’ என்ற லத்தீன் சொல். உசுப்புவது, கிளப்பிவிடுவது என்று பொருள். எக்ஸைட் (excite), தூண்டிவிடுவதைச் சொல்லும் இன்சைட் (incite) எல்லாம் அதே குடும்பம். ரிவைவ்வுக்குள் இருப்பது ‘விவெரே’, அதாவது வாழ்வது. இன்னொருவர் வந்துதான் உசுப்ப முடியும்; வாழ்வதைத் தானாகவும் செய்யலாம். வாடிக் கிடந்த துளசி, தண்ணீர் ஊற்றிய ஒரு மணி நேரத்தில் தலை நிமிர்ந்தால் ‘த பிளான்ட் ரிவைவ்ட்’ என்று சொல்லலாம். அங்கே ரிசஸிடேட்டைப் போட்டால் இடிக்கும்.

ரிசரக்ட் கனமான சொல். இயேசு உயிர்த்தெழுந்ததைக் குறிக்கும் ரிசரக்‌ஷன் என்ற பெயர்ச்சொல்தான் முதலில் வந்தது. அதிலிருந்து வினையை உருவாக்கியது பல நூற்றாண்டு கழித்து. செத்து, புதைத்து, எல்லோரும் கைகழுவிய பிறகு எழுந்து வருவது என்கிற நினைப்பு அதில் எப்போதும் உண்டு. இதயம் நின்று இரண்டு நிமிடத்தில் திரும்பியவரை எந்த டாக்டரும் ரிசரக்ட் செய்தோம் என்று எழுத மாட்டார். இருபது வருடம் முன்னால் மூடிக் கட்டிய திட்டத்தை மறுபடி எடுக்கிறார்களா, அங்கே போடுங்கள். ‘தூசி தட்டி எடுத்தார்கள்’ என்று நாம் சொல்கிற இடம் அதற்குச் சரியாக இருக்கும்.

ரிவைவ்தான் எல்லா வீட்டுக்குள்ளும் போய்வருகிற சொல். பிரீமியம் கட்டாமல் லேப்ஸ் ஆன எல்ஐசி பாலிசியை மறுபடி நடப்புக்குக் கொண்டுவருவது ரிவைவல். தேதி முடிகிற லைசென்ஸை நீட்டிப்பது ரினியூவல். தமிழில் இரண்டையும் ‘புதுப்பித்தல்’ என்று சொல்லிவிடுகிறோம், ஆங்கிலத்தில் அறுந்துபோனதா இல்லையா என்பதை வைத்து வார்த்தை மாறுகிறது. பழைய நாடகத்தைப் புதிதாக மேடையேற்றினாலும் ரிவைவல்தான். அமெரிக்காவின் டோனி விருதுகளில் அதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தது என்பதால். ரீகிண்டில். இதை நம் அடுப்படியே சொல்லிக்கொடுக்கும். நீறு பூத்த நெருப்பைக் கிளறி ஊதினால் கனலுமே, அது. நட்பு, ஆசை, நம்பிக்கை, பழைய பகை என்று உள்ளே சூடு மிச்சமிருக்கிற விஷயங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். பாலிசியையோ நோயாளியையோ ரீகிண்டில் செய்ய முடியாது.

அந்தப் பையனுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. அகராதித் தமிழை விட்டுவிட்டு, அந்த வரிக்குக் கீழே பென்சிலில் எழுதிக் கொடுத்தேன்: ‘உயிரைக் காப்பாற்றச் செய்யவேண்டிய அத்தனையும் செய்தும் அவரைப் பிழைக்கவைக்க முடியவில்லை.’ ரிவைவ்வுக்கு ஆஸ்பத்திரியில் ‘பிழைக்கவைப்பது’தான் சரியான தமிழ் என்று இன்றும் நினைக்கிறேன். இரண்டு தடவை படித்தான். “எவ்வளவு நேரம் சிஸ்டர் அமுக்கினீங்க?” என்று கேட்டான். நர்ஸஸ் நோட்டைப் புரட்டிக் காட்டினேன். 2.10க்கு ஆரம்பித்து 2.50 வரை, ஆள் மாற்றி ஆள், 40 நிமிடம்.