பிரஷர் நார்மல்தான், மூச்சை எண்ணினீர்களா?

கேள்வி: அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த செவிலியர் நான். பிரஷர் சரியாக இருக்கிறதே என்று நினைத்த நோயாளி, கொஞ்ச நேரத்தில் மோசமாகிவிடுகிறார். முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பிரஷர் விழட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடம்பில் ரத்தமோ நீரோ குறைந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், கைகால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிரஷர் விழாமல் நிற்கும். இளவயதினர் இப்படி வெகுநேரம் தாக்குப்பிடிப்பார்கள். அப்புறம் சட்டென்று சரிவார்கள்.

பெரும்பாலும் அதற்கு முன்பே மூச்சு மாறிவிடும். ஆனால் சார்ட்டைப் புரட்டினால் எண்ணாமலேயே எல்லாருக்கும் 18, 20 என்று எழுதியிருக்கும். இந்தப் பழக்கம் மட்டும் உங்களுக்கு வேண்டாம். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும்.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-இல் திருத்தி வெளியிட்ட 'நியூஸ்2' முறையில் மூச்சு, நாடி, பிரஷர் போன்றவை இயல்பிலிருந்து விலக விலக மதிப்பெண் கூடும். அதில் மூச்சு 25-ஐத் தொட்டால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். ஏதாவது ஒன்றில் 3 வந்தாலும், மொத்தம் 5 வந்தாலும் மருத்துவருக்கு உடனே சொல்ல வேண்டும். 7 வந்தால் உச்சகட்ட அவசரம். (16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.)

ஆக்சிஜன் அளவு 98 என்று காட்டினாலும் மூச்சு 28 என்றால் நிம்மதியடைய முடியாது. ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளிடமும் தொற்று முற்றியவர்களிடமும் இப்படி வரும். ஆக்சிஜன் மாஸ்க் போட்டு வரும் 96-ம் மாஸ்க் இல்லாமல் வரும் 96-ம் ஒன்றல்ல.

இன்னொன்று, புதிதாக வரும் குழப்பம். அதற்கும் 3 மதிப்பெண். இதுவரை ஒழுங்காகப் பேசியவர் திடீரென்று டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினால், தொல்லை தருகிறார் என்று கையைக் கட்டிவிடாதீர்கள். மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், சர்க்கரை நான்கையும் பாருங்கள். "அப்பா இப்படிப் பேசுகிறவர் இல்லை" என்று மகள் சொன்னால் அதையும் குறித்து வையுங்கள். முதியவர்களுக்குத் தொற்று கடுமையாக இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி ஏறாமலேயே இருக்கலாம்.

மருத்துவரைக் கூப்பிடும்போது "ஆள் சரியில்லை டாக்டர்" என்று நிறுத்திவிடாதீர்கள். "ஒரு மணி நேரத்துக்கு முன் மூச்சு 18, இப்போது 26. ஆக்சிஜன் போட்டும் 93-தான். உடனே வந்து பாருங்கள், டாக்டர்" என்று எண்ணோடு சொல்லுங்கள். அவர் வரத் தாமதமானால் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடுங்கள், தயங்கவே வேண்டாம்.