கிளை அலுவலகத்துக்கு ரசிகன் ஆவது எப்படி? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொலம்பஸுக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கு இங்கிலாந்துக் கால்பந்து அணி ஆர்சனலும் சி.எஸ்.கே.வும் போதும் என்று இருந்தவன். ஒன்பது வயது மகன் உள்ளூர் கால்பந்து அணியான கொலம்பஸ் க்ரூ மேல் பைத்தியமாக இருக்கிறான். அவனுக்காக நானும் எம்.எல்.எஸ். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்குக்கு ரசிகனாகிவிடுவோம் என்று டி.வி.யில் நான்கு ஆட்டம் உட்கார்ந்து பார்த்தேன். ஒட்டவே இல்லை. கடைசி இடத்தில் வந்தாலும் அணியைக் கீழ் லீக்குக்கு இறக்க மாட்டார்கள். 30 அணிகளில் 18 பிளேஆஃபுக்குப் போகின்றன. வீரர்களின் ஒப்பந்தம்கூட அணியிடம் இல்லை, லீக்கிடம் இருக்கிறதாம். ஒரு கம்பெனியின் கிளை அலுவலகத்துக்கு எப்படி ரசிகனாவது? இதெல்லாம் முயற்சி செய்து வருவதா?

செந்தில்,
கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள செந்தில்,

நீங்கள் அடுக்கிய குறைகள் எல்லாம் உண்மை. என் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தருகிறேன். 1996-ல் லீக் தொடங்கியபோது கடிகாரத்தைப் பின்னோக்கி ஓடவிட்டார்கள், 45-லிருந்து பூஜ்யத்துக்கு. ஆட்டம் சமநிலையில் முடிந்தால் அமெரிக்கர்களுக்குப் பிடிக்காது என்று, 35 கஜம் தள்ளிப் பந்தை வைத்து, ஐந்து நொடிக்குள் கீப்பரைத் தாண்டி கோல் போடச் சொன்னார்கள். உலகமே சிரித்தது. நானும் சிரித்தவன்தான். பெலே ஒரு அமெரிக்கக் கிளப்புக்கு ஆடிய காலத்திலேயே எனக்கு அந்த நாட்டுக் கால்பந்து மேல் மரியாதை இல்லை. 1977-ல் அந்த நியூயார்க் காஸ்மோஸ் சட்டையில்தான் அவர் கல்கத்தாவுக்கு வந்தார். அந்த ஊர் அணி மோகன் பகான் 2-2 என்று நிறுத்தி அனுப்பியதை எங்கள் தெருவில் இந்தியாவே ஜெயித்த மாதிரி பேசினோம்.

சில வருடங்களுக்கு முன்னால் போர்ட்லண்டில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். மருமகன் வற்புறுத்தி டிம்பர்ஸ் அணியின் ஆட்டத்துக்கு அழைத்துப்போனார். மரம் வெட்டிப் பிழைத்த ஊர் அது. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு முழு அடிமரம் கிடக்கிறது. உள்ளூர் அணி கோல் போட்டதும் ஒருவர் ரம்ப மிஷினை இழுத்து ஸ்டார்ட் செய்து அதிலிருந்து ஒரு துண்டை அறுக்கிறார். கறிக்கடைக் கட்டை மாதிரி வட்டமாக விழுகிறது. அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட, கூட்டம் கத்துகிறது. ஆட்டம் முடிந்ததும் அந்தத் துண்டு கோல் போட்டவருக்கு. கோப்பையைவிட எனக்கு அது பிடித்துப்போனது.

எண்பதாவது நிமிடத்தில் கூச்சல் மாறியது. நின்றிருந்த பகுதி முழுக்க ஒரு பழைய பாட்டைப் பாட ஆரம்பித்தது, தாலாட்டு போல. என்னவென்று மருமகனிடம் கேட்டேன். பழைய லீக் இருந்த 1970-களிலேயே ரம்பம் பிடித்தவர் டிம்பர் ஜிம். 2004-ல் அவருடைய மகள் கார் விபத்தில் இறந்துபோனாள். அவளுக்காக அவர் மைதானத்தில் அந்தப் பாட்டைப் பாட, கூட்டமும் சேர்ந்துகொண்டது. அவர் ஓய்வுபெற்று வேறொருவர் ரம்பம் பிடிக்கிறார், பாட்டு மட்டும் நிற்கவில்லை. அன்றைய ஆட்டம் சுமார்தான். இரண்டு பக்கமும் பாஸ் தப்பிக்கொண்டே இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று கேட்டது நான்தான்.

சரி, உங்கள் ஊருக்கு வருகிறேன். 2017 அக்டோபரில் க்ரூ அணியின் அப்போதைய உரிமையாளர் அந்தோணி பிரிகோர்ட், நகருக்குள் புது மைதானம் கிடைக்காவிட்டால் அணியை டெக்சாஸில் ஆஸ்டினுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். நீங்கள் சொல்லும் கிளை அலுவலகத்தை அப்படியே லாரியில் ஏற்றும் திட்டம். உங்கள் ஊர்க்காரர்கள் 'க்ரூவைக் காப்பாற்று' என்று கிளம்பினார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது ஒரு பழைய காயம். 1990-களின் நடுவில் ஒஹாயோவிலேயே இருந்த கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணியை அதன் முதலாளி பால்டிமோருக்குக் கிளப்பிக்கொண்டு போனார். அந்தக் கோபத்தில் ஒஹாயோ ஒரு சட்டம் போட்டது: பொதுப்பணத்தின் தயவில் ஆடும் அணியை மாற்றுவதாக இருந்தால் ஆறு மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும், உள்ளூர்க்காரர்கள் வாங்க வாய்ப்பும் தர வேண்டும். 2018-ல் மாநிலமும் நகரமும் அதை வைத்து வழக்குப் போட்டன. கடைசியில் அணியை வாங்கியவர்களில் ஒருவர் க்ரூவுக்கே மருத்துவராக இருந்த எட்வர்ட்ஸ். இன்னொரு தரப்பு ஹாஸ்லம் குடும்பம், அதாவது பிறகு கிளீவ்லண்டில் மறுபடி தொடங்கிய பிரவுன்ஸ் அணியின் இன்றைய முதலாளிகள். பிரிகோர்ட்டுக்கு ஆஸ்டினில் புது அணி கொடுத்து சமாதானம் செய்தது லீக். நியாயமா என்றால் இல்லை. ஆனால் இங்கே அணி தங்கிவிட்டது. 2020-லும் 2023-லும் கோப்பையும் வாங்கியது.

அப்புறம் ஒன்று. சி.எஸ்.கே.வை ஆரம்பித்தது சிமெண்ட் கம்பெனி. ஐ.பி.எல்.லிலும் யாரையும் கீழே இறக்குவதில்லை. அதே 2018-ல், இரண்டு வருடத் தடை முடிந்து வந்த அணியின் சென்னை ஆட்டங்கள் காவிரிப் போராட்டத்தால் புனேவுக்குப் போனபோது, ஒரு ரயில் முழுக்க மஞ்சள் சட்டைக்காரர்கள் பின்னாலேயே போனார்கள். அவர்களிடம் யாரும் கிளை அலுவலகம் என்று சொல்லியிருக்க முடியாது.

எனவே காலையில் ஆர்சனலைப் பார்த்துவிட்டு, அதே கண்ணோடு சாயங்காலம் க்ரூவைப் பார்க்காதீர்கள். கல்யாணப் பந்தியில் எழுந்து வந்த வயிற்றோடு வீட்டு ரசத்துக்கு மார்க் போடுவது போல அது. சம்பள உச்சவரம்பைத் தாண்டிக் காசு கொடுத்து அணிக்கு மூன்று பேரை வாங்கலாம் என்பது, 2007-ல் இங்கிலாந்து நட்சத்திரம் பெக்காமுக்காக வந்து பிறகு வளர்ந்த விதி. அதனால் ஒரே பதினொருவரில் உலக நட்சத்திரமும் இருப்பார், நேற்றுக் கல்லூரியை விட்ட பையனும் இருப்பான். நட்சத்திரத்தின் பாஸ் அந்தப் பையனிடம் போகும்போது என்ன ஆகும் என்று தெரியாது. பாதிநாள் சொதப்புவான். அந்தப் பதற்றம்தான் எனக்கு இந்த லீக்கில் ருசி.

டி.வி.யை விடுங்கள். மகனைக் கூட்டிக்கொண்டு மைதானத்தின் வடக்கு முனையில், நார்டெக்கே என்று சொல்கிறார்களே, அங்கே நிற்கும் டிக்கெட் எடுங்கள். பாட்டு தெரியாவிட்டால் பையன் சொல்லித்தருவான். க்ரூவுக்கும் மஞ்சள்தான், சட்டை தேடி கடைக்கு அலைய வேண்டாம். உங்கள் அலமாரியில் ஒன்று ஏற்கெனவே இருக்கும், நம்பர் 7 போட்டது. முதல் ஆட்டத்துக்கு அதையே மாட்டிக்கொண்டு போங்கள். பக்கத்தில் நிற்பவர் யாரது என்று கேட்டால் சொல்லுங்கள்.